குளிர்நாட்டு மரச்சுவர்: பஞ்சு வைத்தால் மட்டும் போதுமா?

ரொறன்ரோப் பக்கம் யாராவது புதுவீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டால், சாப்பாடு முடிந்ததும் கதை எப்படியும் குளிருக்கு வந்துவிடும். "இந்த வீட்டுச் சுவருக்குள் நல்ல தடிப்பான பஞ்சு வைத்திருக்கிறார்களாம்" என்பார் ஒருவர். "அளவுக்கு மீறி அடைக்கவும் கூடாது, சுவர் மூச்சுவிட வேண்டும்" என்பார் இன்னொருவர். "இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஷீற் அடித்துவிட்டால் ஒரு சொட்டு ஈரமும் உள்ளே போகாது" என்பார் மூன்றாமவர். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவற்றை அப்படியே நம்பிச் சுவர் எழுப்பினால், பத்து வருடத்துக்குள் அது உள்ளுக்குள் உக்கத் தொடங்கிவிடலாம்.

நான் ஒன்ராறியோவில் வீடு திருத்தும் வேலை செய்கிறேன். பூஞ்சை பிடித்த சுவர்களை உடைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: பஞ்சு குறைந்ததால் கெட்டுப்போன சுவரை நான் கண்டது அரிது. பஞ்சு நிறைய வைத்து, மற்ற வேலைகளைக் கவனிக்காமல் விட்டதால் கெட்டுப்போன சுவர்தான் அதிகம். அது ஏன் என்று விளங்க, சுவரை ஒரு முறை மெதுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது

ஊரில் சுவர் என்றால் கல்லும் சீமெந்தும். இங்கே கடந்த ஐம்பது அறுபது வருடத்தில் எழும்பிய தனிவீடுகளில் மிகப் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். வெளியே செங்கல் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம். அந்தச் செங்கல் கூரையையும் தாங்குவதில்லை, மாடியையும் தாங்குவதில்லை. வீட்டுக்குப் போட்ட சட்டை அது. பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரம்.

அந்த மரச்சட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் மரத்துண்டுக்கு ஸ்டட் என்று பெயர். வெளிச்சுவருக்கு இப்போது வழக்கமாகப் போடுவது 'டூ பை சிக்ஸ்'. பெயர்தான் அப்படி; நாடாவை வைத்து அளந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம் இருக்கும். 16 அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இவை வரிசையாக நிற்கும். வெளிப்பக்கம் மரச்சிம்புகளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகையை ஆணியால் அடிப்பார்கள். அதுதான் ஓஎஸ்பி. இந்தக் கட்டுரையில் அதை வெளிப்பலகை என்று சொல்கிறேன். ஸ்டட்டுகளுக்கு இடையில் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும் கண்ணாடியிழைப் பஞ்சு. அதற்கு உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீற். அதன்மேல் ட்ரைவோல் என்ற ஜிப்சம் பலகை, அதற்குப் பெயின்ற். வெளியே போனால் மழைத்தண்ணீரை விடாத உறை, அதற்கு அப்பால் செங்கல் அல்லது சைடிங் என்ற வெளிப்பூச்சுப் பட்டிகள்.

கதையின் நாயகன் வெளிப்பலகைதான். முதலில் ஈரம் பிடிப்பதும் அதில்தான், முதலில் உக்குவதும் அதுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பஞ்சு சூடு தருவதில்லை

கம்பளிச் சுவெட்டர் போட்டால் சூடாக இருக்கிறது. ஆனால் சுவெட்டரில் சூடு இல்லை, சூடு உங்கள் உடம்பில் இருக்கிறது. கம்பளி இழைகளுக்கு நடுவே அகப்பட்ட காற்று அசையாமல் கிடக்கிறது, அந்த அசையாத காற்று உடம்புச் சூட்டைச் சுலபத்தில் வெளியே விடுவதில்லை. சுவருக்குள் இருக்கும் கண்ணாடியிழைப் பஞ்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. சூடு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து வருகிறது. பஞ்சு அது போகும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. அதற்கு ஆர் மதிப்பு என்று பெயர்: வெப்பம் கடந்துபோவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. எண் கூடினால் தடுப்பும் கூடும். பஞ்சுப் பொதியின்மேல் பெரிதாக அச்சடித்திருப்பது இதுதான். ஐந்தரை அங்குலச் சுவருக்கான பஞ்சில் ஆர்-22 என்று இருக்கும். ஒரு அங்குலக் கண்ணாடியிழைப் பஞ்சுக்குச் சுமார் மூன்றரை முதல் நான்கு வரை, கல்லை உருக்கி இழையாக்கிச் செய்யும் ராக்வூலுக்கு ஏறக்குறைய நான்கு. மரத்துக்கு ஒன்றேகால்தான்.

இந்த எண்ணில் ஒரு விடயம் பலருக்குப் புரிவதில்லை. ஆர் மதிப்பை இரண்டு மடங்கு ஆக்கினால் வெப்ப இழப்பு பாதியாகும். ஆர்-10 சுவரில் 100 ரூபாய் வெப்பம் போகிறது என்று வையுங்கள். ஆர்-20 ஆக்கினால் 50 ரூபாய் மிச்சம். அதை ஆர்-40 ஆக்கினால் மேலும் 25 ரூபாய்தான் மிச்சம். பஞ்சைக் கூட்டக் கூட்ட, அது தரும் மிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தக் காசை வேறிடத்தில் போடுவதுதான் புத்தி.

மரம் குளிருக்குப் போட்ட பாலம்

பொதியில் ஆர்-22 என்று இருப்பதால் சுவரும் ஆர்-22 என்று நினைப்பதுதான் அடுத்த பிழை.

சுவரில் மரம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட் மட்டும் இல்லை. மேலே இரட்டைக் கட்டை, கீழே ஒரு கட்டை, யன்னலைச் சுற்றி ஸ்டட்டுகள், யன்னலுக்கு மேலே தடித்த உத்தரம், மூலைகளில் மூன்று நான்கு கட்டைகள். எல்லாம் சேர்த்தால் சுவர்ப் பரப்பில் கால்வாசி மரமாகிவிடும்.

100 சதுர அடிச் சுவரை எடுங்கள். 75 சதுர அடி பஞ்சு, 25 சதுர அடி மரம். ஐந்தரை அங்குல மரத்தின் ஆர் மதிப்பு சுமார் 7. பரப்பை ஆர் மதிப்பால் வகுத்தால் வெப்பம் போகும் பங்கு வரும். பஞ்சு வழியே 75-ஐ 22-ஆல் வகுத்தால் 3.4. மரம் வழியே 25-ஐ 7-ஆல் வகுத்தால் 3.6. கால்வாசிப் பரப்பு மரம், ஆனால் பாதிக்குமேல் வெப்பம் அதன் வழியாகப் போகிறது! இரண்டையும் கூட்டி 100-ஐ வகுத்தால், ஆர்-22 பஞ்சு வைத்த அந்த அடுக்கு உண்மையில் ஆர்-14 அளவுக்குத்தான் வேலை செய்கிறது. ட்ரைவோல், வெளிப்பலகை, சைடிங் எல்லாம் சேர்த்தால் 17 வரலாம்.

வெப்பம் இப்படிக் குறுக்குவழியில் தப்பிப் போகும் இடத்துக்கு வெப்பப் பாலம் என்று பெயர். உறைபனி விழுந்த காலையில் சில வீட்டுச் சுவர்களின் சைடிங்கில் வரிவரியாக ஸ்டட் நிற்கும் இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். பாலம் அதுதான்.

இந்தப் பாலத்தை உடைக்க, ஸ்டட்டுகளுக்கு நடுவே இன்னும் பஞ்சைத் திணித்துப் பயனில்லை. மரத்துக்கு மேலால், வீடு முழுவதையும் ஒரே போர்வையாக மூட வேண்டும். வெளிப்பலகைக்கு வெளியே 3 அங்குல ராக்வூல் பலகையை இடைவெளியில்லாமல் போர்த்தினால் ஆர்-12 கூடும். அந்தப் பன்னிரண்டும் முழுசாகக் கிடைக்கும். 17 ஆக இருந்தது 29 ஆகும்.

இதுவரை வந்தது: பஞ்சு அசையாத காற்றைப் பிடித்து வைக்கிறது. அதன் எண் ஆர் மதிப்பு. ஆனால் நடுவே மரம் நிற்பதால் பொதியில் போட்டிருக்கும் எண் சுவருக்குக் கிடைப்பதில்லை.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்துங்கள்

தை மாதம், காற்று அடிக்கும் ஒரு நாளில் சுவெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நின்று பாருங்கள். சுவெட்டர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் காற்று ஊடுருவிவிடும். மேலே ஒரு மெல்லிய மழைக்கோட்டைப் போட்டால் போதும், உடனே சூடு பிடிக்கும். கோட்டுக்கு ஆர் மதிப்பு ஒன்றுமே இல்லை. அது காற்றை நிறுத்துகிறது, காற்று நின்றதும் சுவெட்டர் தன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

வீட்டிலும் காற்று எப்போதும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. அரிக்கன் லாம்பை நினைத்துப் பாருங்கள். சூடான காற்று சிமினியின் மேலால் போகும், கீழேயுள்ள துளைகளால் புதுக்காற்று இழுபடும். மாரிக் குளிரில் வீடு முழுவதும் ஒரு அரிக்கன் லாம்புதான். மேல்மாடியிலும் கூரைப் பக்கமும் உள்ள ஓட்டைகளால் சூடான காற்று வெளியேறுகிறது, பேஸ்மென்ட் பக்கத்து ஓட்டைகளால் குளிர்காற்று உள்ளே வருகிறது. வெளியே குளிர் கூடக் கூட இழுவையும் கூடும்.

நம்பிக்கை இல்லாவிட்டால், குளிரான ஒரு நாளில் குசினி எக்ஸோஸ்ற் ஃபானைப் போட்டுவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வெளிச்சுவரில் இருக்கும் மின்செருகிகளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். யன்னல் ஓரத்திலும், தரையும் சுவரும் சந்திக்கும் இடத்திலும் பிடியுங்கள். புகை நேரே எழும்பாமல் வளைந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. திரைச்சீலைக்குக் கிட்ட மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

நான் பார்த்த வரையில் ஆக மோசமான இடம், அத்திவாரச் சுவரின் மேல் முதல் தளத்து மரங்கள் வந்து உட்காரும் விளிம்பு. அதை ரிம் ஜோயிஸ்ட் என்பார்கள். பேஸ்மென்ட் கூரையில் ஓரமாக எட்டிப் பார்த்தால், அங்கே ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு துண்டுப் பஞ்சைச் செருகி விட்டிருப்பார்கள். பஞ்சு காற்றை நிறுத்தாது, வடிகட்டும். அதனால்தான் பழைய பஞ்சை இழுத்து எடுத்தால் அழுக்குக் கறுப்பாக இருக்கும், மாரியில் எடுத்தால் பின்னால் உறைபனி மினுங்கும். அங்கே நுரைப் பலகையை அளவாக வெட்டி வைத்து, நான்கு ஓரமும் நுரை பீச்சி அடைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வேலை. இதைவிட மலிவாக வீட்டுச் சூட்டைக் காப்பாற்றும் வேலை எனக்குத் தெரியாது.

ஓட்டையை அளக்கவும் வழி இருக்கிறது. வாசல் கதவில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, வீட்டுக்கும் வெளிக்கும் இடையில் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை காற்றை இழுப்பார்கள். அந்த நிலையில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று முழுவதும் எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் எண். இதற்குப் புளோவர் டோர் சோதனை என்று பெயர். எண் குறைந்தால் வீடு இறுக்கம்.

இந்த விடயத்தில் உலகத்துக்கே வழி காட்டிய வீடு ஒன்று கனடாவின் புல்வெளி மாகாணத்தில் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, சஸ்காச்சுவான் மாகாண அரசு அந்த மாகாணத்துக்குப் பொருத்தமான சூரியசக்தி வீடு ஒன்றைக் கட்டித் தரும்படி கேட்டது. ஹரோல்ட் ஓர் முதலான பொறியியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மைனஸ் 30 போகும் ஊர், மாரியில் பகல் எட்டு மணி நேரம்தான். வெயிலைப் பிடிப்பதைவிட, இருக்கும் சூட்டை விடாமல் வைத்திருப்பதுதான் வழி என்று கண்டார்கள். 1977-இல் ரெஜைனா நகரில் எழும்பிய அந்த வீட்டின் சுவர் ஏறக்குறைய 12 அங்குலத் தடிப்பு, ஆர் மதிப்பு 40. ஆனால் அதைவிடப் பெரிய சாதனை அதன் இறுக்கம். புளோவர் டோர் எண் 0.8. வழக்கமான ஃபர்னஸ் அந்த வீட்டுக்குத் தேவைப்படவில்லை. 1982-இல் கனடாவில் தொடங்கிய ஆர்-2000 என்ற வீட்டுத் தரத்துக்கு (இது ஆர் மதிப்பு இல்லை, தரத்தின் பெயர்) 1.5 இருந்தால் போதும் என்றார்கள். 1991-இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முதல் பாசிவ் ஹவுஸ், அதாவது மிகக் குறைந்த சூட்டுச் செலவில் இயங்கும் வீடு, எழும்பியதற்குப் பின்னாலும் சஸ்காச்சுவான் பாடம் இருக்கிறது. பாசிவ் ஹவுஸ் தரம் கேட்பது 0.6.

தம்ளர் ஏன் வியர்க்கிறது

இப்போது ஆக முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

குளிர்ந்த மோரை வெண்கலத் தம்ளரில் ஊற்றி வைத்தால் வெளிப்பக்கம் தண்ணீர் அரும்பும். அது மோர் கசிந்து வந்ததில்லை. காற்றில் இருந்த நீராவி, குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் தண்ணீரானது. மாரியில் வெளியே நடந்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் அதனால்தான். எந்தச் சூட்டுக்குக் கீழே போனால் காற்றிலிருக்கும் நீராவி தண்ணீராகிறதோ, அந்த எல்லைக்குப் பனிநிலை என்று பெயர். வீட்டுக்குள் 21 பாகையும் 35 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை சுமார் 5 பாகை. வீட்டுக் காற்று 5 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் வியர்க்கும்.

சரி, இப்போது வெளிப்பலகையைக் கவனியுங்கள். வெளியே மைனஸ் 10 பாகை. பஞ்சே இல்லாத பழைய மரவீடு ஒன்றில், உள்ளேயிருந்து சூடு தாராளமாகத் தப்பிப் போவதால் வெளிப்பலகையின் உள்முகம் 3 பாகை அளவில் இருக்கும். அதே சுவருக்குள் ஆர்-22 பஞ்சை வைத்துவிட்டால், சூடு பலகைக்குப் போய்ச் சேராது. பலகை மைனஸ் 8 ஆகிவிடும்.

போர்வையை உள்ளே போர்த்தினால் போர்வைக்கு வெளியே இருப்பது குளிர்ந்துதான் போகும். இதை ஒருவர் விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். "அந்தக் காலத்து வீடுகள் மூச்சுவிட்டன, அதனால் நூறு வருடம் நின்றன" என்று சொல்வதில் உள்ள உண்மை இதுதான். அவற்றைக் காப்பாற்றியது மூச்சு இல்லை, வீணாகப் போன வெப்பம். பலகை நனைந்தாலும் உள்ளேயிருந்து ஓடிவந்த சூடு அதைக் காய வைத்தது. நாம் பஞ்சு வைத்து அந்தச் சூட்டை நிறுத்திவிட்டோம். காய வைக்க ஆள் இல்லை. ஆகவே நனையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. பஞ்சு எவ்வளவு கூடுகிறதோ, அந்தப் பொறுப்பும் அவ்வளவு கூடுகிறது.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே போய் நீண்ட நாள் அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். 30-ஐ நெருங்கினால் உக்கத் தொடங்கும்.

வடைப்பையும் கிழிசலும்

நீராவி சுவருக்குள் இரண்டு வழியில் போகிறது. கடுதாசிப் பையில் சூடாக வடை வாங்கினால் எண்ணெய் மெதுவாகக் கடுதாசியில் ஊறி வெளியே வரும். பையின் அடி கிழிந்தால் வடையே விழுந்துவிடும். நீராவி ட்ரைவோலின் ஊடாக மெதுவாக ஊறிப்போவது முதல் வகை. அதைத் தடுப்பது நீராவித் தடை. ஓட்டை வழியாகக் காற்று அடித்துக்கொண்டு போகும்போது நீராவியையும் கூடவே அள்ளிக்கொண்டு போவது இரண்டாம் வகை. அதைத் தடுப்பது காற்றுத் தடை.

இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். எது பெரியது என்று பாருங்கள். குளிர்நாட்டில் ஒரு முழு மாரிகாலத்தில், நான்குக்கு எட்டு அடி ட்ரைவோல் தாளின் ஊடாக ஊறிப்போகும் தண்ணீர் சுமார் மூன்றில் ஒரு லீற்றர். அதே தாளில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால் அதன் வழியே காற்றோடு போகக்கூடியது ஏறத்தாழ 30 லீற்றர் என்பது கட்டட அறிவியலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நூறு மடங்கு வித்தியாசம்!

பிளாஸ்டிக் ஷீற்றில் நூற்றில் ஒரு பங்கு கிழிந்திருந்தாலும் அது நீராவித் தடையாக 99 பங்கு வேலை செய்யும். காற்றுத் தடையாக அது தோற்றுப்போய்விட்டது.

எங்கள் வீட்டில் வடக்குப் பக்கத்து அறை, நாங்கள் வாங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு யாரோ கூட்டிக் கட்டியது. அந்த அறையில் ஒரு மணம் இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் ட்ரைவோலைப் பிரித்தேன். பிளாஸ்டிக் ஷீற் அழகாக அடித்திருந்தது, பஞ்சும் நிறைய இருந்தது. வெளிப்பலகை பெரும்பாலும் புதுசு போல இருந்தது. ஆனால் ஒவ்வொரு மின்செருகிப் பெட்டிக்கும் நேர் பின்னால், சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டமாகக் கறுத்துப்போயிருந்தது. பெட்டிக்காக ஷீற்றை வெட்டியவர் திரும்ப ஒட்டவில்லை. நான்கு பெட்டி, நான்கு கறுப்பு வட்டம். காற்றுத் தடை என்றால் என்ன என்பதை அந்தச் சுவரைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நனைந்தால் காய வழி விடுங்கள்

எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஒரு நாள் எங்கேயாவது தண்ணீர் போகும். யன்னல் மூலையில் கசியும், பனிக்கட்டி உருகி ஒழுகும். ஆகவே சுவர் ஏதாவது ஒரு பக்கமாகவாவது காயக்கூடியதாக இருக்க வேண்டும். நனைந்த சேலையைக் கொடியில் போடாமல் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் அடித்த சுவருக்கும் அதுதான் கதி. குளிர்நாட்டில் நீராவித் தடை சூடான பக்கத்தில், அதாவது உள்பக்கத்தில் மட்டும் இருக்கும். வெளிப்பக்கம் காயும் வழி.

கோடையில் இது தலைகீழாகும். மழையில் நனைந்த செங்கலில் வெயில் அடித்தால் நீராவி உள்நோக்கி வரும், ஏசி போட்ட அறையின் குளிர்ந்த பிளாஸ்டிக் ஷீற்றில் பட்டுப் பின்பக்கம் வியர்க்கும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஏசி அறைச் சுவருக்கு வருடம் முழுவதும் இந்த நிலைதான், அதனால் கனடா விதியை அங்கே கொண்டுபோக முடியாது. இப்போது ஷீற்றுக்குப் பதிலாக ஒரு வகை நைலோன் படலம் வருகிறது. மாரியில் இறுகி நிற்கும், ஈரம் கூடினால் நீராவியை விடும். விலை கூட. ஆனாலும் ஏசி போடும் வீட்டுக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், வன்கூவர் பக்கம் 1980களிலும் 90களிலும் கட்டிய ஏராளமான மரச்சட்ட மாடிக்கட்டடங்கள் உள்ளுக்குள் உக்கிப்போய், குடியிருந்தவர்கள் சேமிப்பையே இழந்தார்கள். மாகாண அரசு 1998-இல் விசாரணை ஆணைக்குழுவே அமைத்தது. அங்கே பெரிய எதிரி மழை. சுவருக்குள் போன மழைத்தண்ணீருக்கு வடிந்தோட வழியும் இல்லை, காய வழியும் இல்லை. அந்த அழிவால்தான் வெளிச்சட்டைக்கும் சுவருக்கும் இடையில் காற்றோட்ட இடைவெளி விடுவது அங்கே கட்டாயமாகத் தொடங்கியது.

நம் வீட்டுச் செங்கலுக்குப் பின்னாலும் அப்படி ஒரு அங்குல அளவு இடைவெளி இருக்கிறது. ஆகக் கீழ் வரிசைச் செங்கல்களில், சில கற்களுக்கு ஒரு முறை சாந்து பூசாமல் நிமிர்ந்த ஒரு நீக்கல் விட்டிருப்பார்கள். உள்ளே போன தண்ணீர் வடியவும் காற்று நுழையவும் விட்ட வழி அது. குளிர்காற்று வருகிறது, எறும்பு வருகிறது என்று அதைச் சிலிக்கோன் பூசி அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

மொத்தத்தில் சுவருக்கு எதிரி ஈரம். பெரியது மழை, அடுத்தது ஓட்டை வழியே போகும் காற்று, கடைசியில்தான் ஊறிப்போகும் நீராவி. நாம் அந்தக் கடைசியைப் பற்றித்தான் அதிகம் கதைக்கிறோம்.

நல்ல சுவர் ஒன்றை உள்ளிருந்து வெளியே

புதிதாகக் கட்டுகிறவர், அல்லது சைடிங் மாற்ற நினைப்பவர் என்னிடம் கேட்டால் நான் சொல்லும் சுவர் இது.

உள்ளே ட்ரைவோல். பின்னால் நீராவித் தடை. டூ பை சிக்ஸ் சட்டம், இடையில் பஞ்சு. பஞ்சைக் கசக்கித் திணிக்கக் கூடாது. வயரைச் சுற்றிப் பிளந்து வைக்க வேண்டும், வெற்றிடம் விடக் கூடாது. பிறகு வெளிப்பலகை. அதன் ஒவ்வொரு மூட்டையும் இதற்கென்றே உள்ள டேப்பால் ஒட்டுவது. இதுதான் பிரதான காற்றுத் தடை. உள்பக்க ஷீற்றில் வயர், பெட்டி, குழாய் என்று நூறு ஓட்டை விழும். வெளிப்பலகையில் யன்னலும் சில குழாய்களும்தான், அதனால் ஒட்டுவது சுலபம், பார்த்துச் சரிபிழை சொல்வதும் சுலபம். அதன்மேல் மழையை விடாது, ஆனால் நீராவியை விடும் உறை. அதன்மேல் 3 அங்குல ராக்வூல் பலகை. நீளமான திருகாணிகளால் மரப்பட்டைகளை நிமிர்த்தி இறுக்கினால் ராக்வூலும் நிற்கும், காற்றோட்ட இடைவெளியும் கிடைக்கும். கடைசியில் சைடிங்.

இதில் வெளிப்பலகை என்னவாகிறது என்று பாருங்கள். போர்வையின் ஒரு பகுதி இப்போது அதற்கு வெளியே இருக்கிறது. அதே மைனஸ் 10 நாளில், மைனஸ் 8 ஆக இருந்த பலகை ஒன்றரை பாகைக்கு வந்துவிடும். ரொறன்ரோவின் சராசரி ஜனவரி நாளில், அதாவது மைனஸ் 5 அளவில், நாலரை பாகை. பனிநிலைக்கு ஏறக்குறையப் பக்கத்தில் வந்துவிட்டது. ராக்வூல் நீராவியை விடும் என்பதால் வெளிப்பக்கம் காயும் வழியும் திறந்தே இருக்கிறது. வின்னிபெக், எட்மன்ரன் போன்ற இன்னும் குளிரான ஊர்களில் வெளிப்போர்வையின் பங்கு இன்னும் கூட வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் ஷீற்றையும் தடிப்பான பஞ்சையும் வைத்துவிட்டு, வெளியே ஒரு அங்குல நுரைப் பலகை மட்டும் ஒட்டுவது. ஒரு அங்குலம் வெளிப்பலகையைச் சூடாக்கப் போதாது, ஆனால் காயும் வழியை அடைக்கப் போதும். நுரை போடுவதென்றால் தடிப்பாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ராக்வூலுக்குப் போங்கள்.

ரெஜைனா வீடு போல இரண்டு வரிசைச் சட்டம் நிறுத்தி, நடுவே பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் செல்லுலோஸை ஊதி நிரப்பும் முறையும் இருக்கிறது. வெப்பப் பாலம் மிகக் குறைவு, சாமான் செலவும் குறைவு. ஆனால் அங்கே வெளிப்பலகை முழுக்கக் குளிரில் நிற்கிறது. உள்பக்க இறுக்கத்தில் ஒரு பிழையும் விட முடியாது. கைதேர்ந்த ஆட்கள் கிடைத்தால் மட்டும் அதற்குப் போகலாம்.

இறுக்கமான வீட்டுக்கு மூச்சு

இவ்வளவு அடைத்தால் மனிதர் மூச்சுவிடுவது எப்படி? நியாயமான கேள்வி. புட்டு அவிக்கிறோம், சோறு வடிக்கிறோம், பேஸ்மென்டில் உடுப்புக் காயப்போடுகிறோம். அந்த நீராவி எல்லாம் வீட்டுக்குள்தான். காலையில் யன்னலில் தண்ணீர் வழிந்தால் வீடு நமக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை அது.

ஓட்டை வழியே வரும் காற்று, காற்றடிக்கும் நாளில் அளவுக்கு மீறி வரும், அமைதியான நாளில் வரவே வராது. அதனால் இறுக்கமான வீட்டுக்கு எச்.ஆர்.வி என்ற கருவியைப் பொருத்துவார்கள். வெளியே போகும் சூடான பழைய காற்றும் உள்ளே வரும் குளிர்ந்த புதுக்காற்றும் ஒன்றோடொன்று கலக்காமல் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாகக் கடந்துபோகும். சூடு மட்டும் கைமாறும். நம்மவர்களில் பலர் அதன் சத்தம் பிடிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாரியில் அதை ஓட விடுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள், சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள ஃபானையும் போடுங்கள். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. வெளியே மைனஸ் 20 போனால் 30 போதும்.

ட்ரைவோல் ஏறுவதற்கு முன்

வீடு கட்டுகிறவராக இருந்தால், அல்லது பெரிய திருத்தவேலை செய்கிறவராக இருந்தால், கொன்ட்ராக்டரிடம் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: காற்றுத் தடை முடிந்ததும், ட்ரைவோல் அடிப்பதற்கு முன்பே, ஒரு புளோவர் டோர் சோதனை. எல்லாம் முடிந்த பிறகு செய்தால் எண் மட்டும்தான் கிடைக்கும், ஓட்டையைத் தேடிப் போக முடியாது. முன்பே செய்தால் விசிறி ஓடும்போது நீங்களும் ஊதுபத்தியோடு சுவர் சுவராக நடக்கலாம். மின்செருகிப் பெட்டிகள், யன்னல் மூலைகள், ரிம் ஜோயிஸ்ட், குளியலறைக் குழாய் வெளியே போகும் இடம். புகை வளையும் இடத்தில் மார்க்கரால் வட்டம் போடுங்கள். டேப்போடு நிற்கும் பையன் பின்னால் வந்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவான்.